டயாலிசிஸோடு நிறைவாக வாழ்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்றால் மெஷினுக்குப் போவது 12 மணி நேரம். போக வர, ஊசி குத்த, கடைசியில் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க, வீட்டுக்கு வந்து அசதியில் படுக்க என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் 30 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மீதி அத்தனையும் நோயாளியுடைய நேரம். ஆனால் நிறைய வீடுகளில் நடப்பது வேறு. "ரெண்டு கிட்னியும் போச்சு" என்று கேட்ட நாளிலிருந்து அந்த 168 மணி நேரத்தையும் மொத்தமாக நோய்க்கே கொடுத்துவிடுகிறார்கள்.

"தைரியமா இருங்க" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். எப்படி இருப்பது என்று சொல்ல மாட்டார்கள். என் அம்மாவுக்காக டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒன்றைக் கவனித்தேன். அங்கே தெம்பாக இருந்தவர்களுக்குத் தங்கள் உடம்பின் கணக்கு தெரிந்திருந்தது. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எந்தக் காயை எப்படி வேகவைக்க வேண்டும், கையில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குப் பயம் குறைந்திருந்தது. பயம் குறைந்த இடத்தில் மற்ற ஆசைகள் தானாக வந்தன. இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளிக்குத் தொடர் டயாலிசிஸ் தொடங்கினார்கள். சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்து, மெஷினை நம்பி வருடக்கணக்கில் வாழ்ந்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். அதற்குப் பிறகு 11 வருடம் வாழ்ந்தார், வேலைக்கும் போனார். அன்றைய மெஷினோடு ஒப்பிட்டால் இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பது எவ்வளவோ மேல்.

கீழே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் சிறுநீரக மருத்துவர் சொல்லும் அளவுதான் உங்களுக்கு இறுதி.

படி 1: முதல் மூன்று மாதம், பெரிய முடிவு எதுவும் வேண்டாம்

தொடக்க மாதங்கள்தான் மிகக் கடினமானவை. உடம்பு மெஷினுக்குப் பழகவில்லை, மெஷினுக்கு ரத்தம் போய்வரக் கழுத்தில் குழாய், வாந்தி, தலைவலி, தூக்கமின்மை. இந்த நேரத்தில் வேலையை எழுதிக் கொடுப்பது, நிலத்தை விற்பது, பெண்ணின் படிப்பை நிறுத்துவது போன்ற முடிவுகளை எடுக்காதீர்கள். நச்சுகள் வெளியேறி, ரத்தசோகைக்கு ஊசி போட்டு, ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டிய பிறகு பலருக்கு உலகமே வேறு மாதிரித் தெரிகிறது.

அதற்குள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். டிரை வெயிட், அதாவது உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்கும் எடை, முதல் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் ஒரு நாளைக்கு அனுமதித்த தண்ணீர், பொட்டாசியம், பாஸ்பரஸ், ஹீமோகுளோபின், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் எவ்வளவு என்று மட்டும் எல்லாரும் கேட்பார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பது பொட்டாசியமும் எடையும்தான். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

சிறுநீர் இன்னும் கொஞ்சம் போகிறதா? அது பெரிய சொத்து. தினமும் அரை லிட்டர் போகிறவருக்கு அந்த அளவு கூடுதலாகக் குடிக்கும் சுதந்திரம் இருக்கிறது. மூட்டு வலி, தலைவலி என்று மெடிக்கல் கடையில் டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் போட்டு அதை இழந்துவிடாதீர்கள். "கிட்னியைத் திரும்ப வேலை செய்ய வைக்கிறோம்" என்று விற்கும் சூரணம், லேகியத்தை நம்பி டயாலிசிஸை நிறுத்துவது உயிரைப் பணயம் வைப்பது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசியையும் இந்தச் சமயத்திலேயே தொடங்கிவிடுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சாதாரண அளவைப் போல இரு மடங்கு போடுவார்கள்.

படி 2: கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கழுத்துக் குழாய் தற்காலிகம். அதில் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு அதிகம். அதனால் மருத்துவர் ஃபிஸ்டுலா வைக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக, பெரும்பாலும் அதிகம் பயன்படுத்தாத கையில், தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் சிறிய அறுவை சிகிச்சை அது. நரம்பு புடைத்துத் தயாராக ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம். அதுவரை ரப்பர் பந்தை அழுத்தும் பயிற்சி சொல்வார்கள்.

தயாரான பிறகு, காலையில் பல் துலக்கப் போகும் முன் மறு கையின் விரல்களைத் தழும்பின் மேல் மெதுவாக வையுங்கள். பூனை உறுமுவதுபோல ஒரு அதிர்வு தெரியும். காதருகே வைத்தால் 'உஸ்' என்று சத்தம் கேட்கும். அது இருந்தால் அன்றைக்குக் கவலையில்லை. அதிர்வு நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரத்துக்குள் போனால் அடைப்பை எடுத்து அதே ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற முடிகிறது.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமான வளையல், வாட்ச் வேண்டாம், தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் நீங்களேதான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

படி 3: உப்பைப் பிடித்தால் தண்ணீர் அடங்கும்

இதில்தான் பலர் தோற்கிறார்கள். காரணம், தண்ணீரைக் குறைக்கச் சொல்கிற அளவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வதில்லை. உப்பைத் தின்றால் தாகம் எடுத்தே தீரும், தாகத்தை மனஉறுதியால் வெல்ல முடியாது. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், மிக்சர் ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் கை போகும்.

இந்துப்பு சேர்த்தால் பரவாயில்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இந்துப்பும் பெருமளவு அதே சோடியம் குளோரைடுதான். அதைவிட ஆபத்து, 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் விற்பது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ரத்த அழுத்தக்காரர்களில் பலருக்கு உதவும் அந்த உப்பு, டயாலிசிஸ் நோயாளிக்கு விஷம்.

தண்ணீர்க் கணக்கு எளிது. முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்தால் ஏறக்குறைய உங்கள் அளவு வரும். காபி, மோர், ரசம், கஞ்சி, தர்பூசணி எல்லாமே அதில் அடக்கம். என் அம்மா பழகிக்கொண்ட முறை இது: காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவு தண்ணீரை நிரப்பி அடுப்பங்கரை மேடையில் வைத்துவிடுவார். காபி குடித்தால் அதே டம்ளர் அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் ஒரு கரண்டி போகும். மத்தியானம் பாட்டிலைப் பார்த்தாலே இன்னும் எவ்வளவு மீதி என்று தெரிந்துவிடும். வீட்டில் யாரும் "போதும், குடிக்காதே" என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வார்த்தை இல்லாமல் போனதே எங்கள் வீட்டில் பெரிய நிம்மதி.

பெரிய டம்ளரை உள்ளே வைத்துவிட்டு நூறு மில்லி டம்ளரை எடுங்கள். வாய் வறண்டால் கொப்பளித்துத் துப்பலாம், சின்ன ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளலாம். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரை ஏறும்போதெல்லாம் தாகமும் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு கறார் எதற்கு? மெஷின் ஒரு மணி நேரத்தில் பாதுகாப்பாக எடுக்கக்கூடிய தண்ணீர், கிலோவுக்கு 13 மில்லி என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 780 மில்லி, நான்கு மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர். நீங்கள் நாலரை கிலோ ஏற்றிக்கொண்டு போனால் அதை அவசரமாக உறிஞ்ச வேண்டியிருக்கும். கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, பிரஷர் திடீரென்று விழுவது, வீட்டுக்கு வந்து மறுநாள் வரை எழ முடியாமல் கிடப்பது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். ஒன்றரை, இரண்டு கிலோவுக்குள் ஏற்றிக்கொண்டு வருகிறவர் அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போகிறார்.

வாரத்தில் ஒரு இடைவெளி மட்டும் இரண்டு நாள் நீளும். செவ்வாய், வியாழன், சனி ஷிஃப்டில் இருந்தால் ஞாயிறும் திங்களும் அப்படி. இதய ஆபத்து அதிகமாக இருப்பது அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான். நம் வீட்டில் பிரியாணி செய்வதும் விருந்தாளி வருவதும் அதே ஞாயிற்றுக்கிழமை. விருந்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

படி 4: சாப்பாடு, ருசி குறையாமல்

டயாலிசிஸுக்கு முன்பு "புரதத்தைக் குறை" என்று சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் அது தலைகீழாகிறது. மெஷினில் புரதமும் கொஞ்சம் வெளியேறுவதால், கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. பழைய பத்தியத்திலேயே இருந்து மெலிந்து, கால் வீங்கி, காய்ச்சல் காய்ச்சலாக வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முட்டை வெள்ளைக்கரு நல்ல வழி. ஒன்றில் சுமார் 3.6 கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. மீன், கோழியும் அளவோடு சாப்பிடலாம். சைவம் என்றால் உணவியல் நிபுணரிடம் பருப்பு, பனீர் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பொட்டாசியத்துக்கு ஒரு சமையல் பழக்கம் போதும். காயைத் தோல் சீவிச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு புதுத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுங்கள். அப்புறம் தாளியுங்கள். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, பூண்டு, மிளகு, சீரகம், எலுமிச்சைச் சாறு சில துளி என்று போட்டால் உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. புளி, தக்காளி, தேங்காய், கீரை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். ஆப்பிள், பேரிக்காய், அன்னாசியில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். தமரத்தங்காய் என்கிற நட்சத்திரப் பழத்தை மட்டும் வாயில் வைக்காதீர்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்துவிடும்.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர் கையில் இளநீரும் சாத்துக்குடியும் இருக்கும். இளநீர் போல டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகாத அன்பளிப்பு வேறு இல்லை, அவ்வளவு பொட்டாசியம். வேண்டாம் என்றால் மனம் புண்படுமே என்று தயங்காதீர்கள். வாங்கி வைத்துவிட்டு "பேரப் பிள்ளைங்க குடிப்பாங்க, நீங்க ஒரு மணி நேரம் உக்காந்து பேசுங்க, அதுதான் எனக்கு வேணும்" என்று சொல்லிவிடலாம்.

உடம்பு முழுக்க அரிக்கிறதா? பாஸ்பரஸ் ஏறியிருக்கலாம். அதற்கான மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பலன் இருக்காது, ஏனென்றால் அது வேலை செய்வதே உணவில் இருக்கும் பாஸ்பரஸைப் பிடித்து வைப்பதன் மூலம்தான். கோலா பானங்களைத் தொடாதீர்கள்.

படி 5: அந்த நான்கு மணி நேரம்

டயாலிசிஸைப் பாதியில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். கடைசி அரை மணி நேரத்தை விட்டுவிட்டு வருவதை வழக்கமாக்கினால் அசதி கூடிக்கொண்டே போகும். பிரஷர் மாத்திரையை அன்று காலையில் போடலாமா, முடிந்த பிறகா என்று மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். பி-காம்ப்ளெக்ஸ் போன்ற வைட்டமின்கள் மெஷினில் வெளியேறிவிடும் என்பதால் முடிந்த பிறகு போடுவதே சரி. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள், ஆகவே பல் பிடுங்குவதை அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு மெல்லிய போர்வை, காதில் மாட்டும் ஹெட்ஃபோன், படிக்க ஏதாவது. எங்கள் வார்டில் ஒரு அக்கா நாலு மணி நேரமும் ஒரு கையாலேயே கைபேசியில் தையல் ஆர்டர்களைக் கவனிப்பார். அளவுகளைக் குறித்துக்கொள்வார், ஜாக்கெட் கழுத்து டிசைன்களைப் பார்த்து வாடிக்கையாளருக்கு அனுப்புவார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தையல் மெஷின் ஓடும். அவர் முகத்தில் நோயாளிக் களையே இருக்காது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், படுத்தால் மூச்சுத் திணறல், திடீரென்று கைகால் துவளுதல், ஊசி போட்ட இடத்தில் நிற்காத ரத்தம்: இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். ரத்தம் கசிந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை விரலால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.

படி 6: வீட்டில் உங்கள் இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

கவனித்துக்கொள்கிறோம் என்ற பெயரில் வீட்டார் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வார்கள். பால் கணக்கு, பேத்தியின் வீட்டுப்பாடம், கரண்ட் பில், கல்யாண மொய் நோட்டு என்று ஏதாவது இரண்டு பொறுப்புகளை "இது என்னுது" என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பள வேலையில் இருப்பவர்கள் சாயங்கால ஷிஃப்ட் இருக்கும் மையத்தைத் தேடுங்கள். வேலையைத் தொடர்வதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த நேரம்தான். டயாலிசிஸ் இல்லாத நாளில் அரை மணி நடை போதும்.

குழந்தைகளிடம் மறைக்க வேண்டாம். அப்பாவின் கிட்னி செய்ய வேண்டிய வேலையை ஒரு மெஷின் செய்கிறது என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும். மறைத்தால்தான் அது ராத்திரி விழித்துக்கொண்டு படுத்திருக்கும். கணவன் மனைவி நெருக்கத்துக்கும் டயாலிசிஸ் தடையில்லை. ஆர்வம் குறைந்திருந்தால் ரத்தசோகை, மாத்திரை, மனச்சோர்வு என்று காரணம் இருக்கும், கூச்சப்படாமல் மருத்துவரிடம் கேட்கலாம்.

படி 7: மனசு

கோபம் வரும், அதுவும் பெரும்பாலும் கூட இருப்பவர் மேல். "எனக்கு மட்டும் ஏன்" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது, ஆனால் அதை வாய்விட்டுக் கேட்க ஒரு ஆள் வேண்டும். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பல நேரம் அந்த ஆளாக அமைகிறார். வாரம் மூன்று நாள் பார்க்கும் முகம், சொந்தக்காரர்களைவிட நெருக்கமாகிவிடுகிறது.

அதனாலேயே ஒரு நாள் அந்தக் கட்டில் காலியாக இருக்கும்போது வலிக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நர்ஸ் பேச்சை மாற்றுவார், வீட்டார் "அவருக்கு ஹார்ட் ப்ராப்ளம், உனக்கு அதெல்லாம் இல்ல" என்பார்கள். அப்படி மூடி வைக்காதீர்கள் என்பது என் கருத்து. அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், முடிந்தால் துக்க வீட்டுக்குப் போய்வாருங்கள், அழ வேண்டும் என்றால் அழுங்கள். துக்கத்துக்கு இடம் கொடுத்த வார்டுகளில் சிரிப்பும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, டயாலிசிஸுக்கே வரமாட்டேன் என்கிறார் என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு முறை குடும்பத்தோடு உட்கார்ந்து, வங்கி நாமினி, பத்திரங்கள், ஒருவேளை நினைவு தப்பினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பேசிவிடுங்கள். முன்கூட்டியே எழுதிவைக்கும் இந்த விருப்பத்தை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது, 2023-ல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. பேசி முடித்தவர்கள் அதை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள்.

படி 8: பணமும் மாற்று வழிகளும்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் டயாலிசிஸும் மாற்று அறுவை சிகிச்சையும் அடங்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.

மெஷினுக்கு அலைய முடியாதவர்கள் வயிற்று வழி டயாலிசிஸ் பற்றிக் கேளுங்கள். பொதுவாக இரண்டு லிட்டர் பையில் இருக்கும் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிடும் முறை. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை வீட்டிலேயே செய்யலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கை கழுவுவதில் துளியும் சோம்பல் கூடாது. வடியும் திரவம் கலங்கலாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதி இருந்தால் உங்கள் மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சீக்கிரம் பதியுங்கள். குடும்பத்தில் ஒருவர் தர முன்வந்தால், 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டப்படி அனுமதி, ஆவணங்கள் எல்லாம் உண்டு. ரத்த வகை பொருந்தாவிட்டாலும், அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒரு வேண்டுகோள்: நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான் கொடுக்கிறார்கள். அவர்களிடம் தனியாக, வேறு யாரும் இல்லாதபோது, "உனக்குச் சம்மதமா" என்று கேளுங்கள்.

படி 9: வெளியூர் போய்வாருங்கள்

தங்கை மகன் கல்யாணம் திருநெல்வேலியில் என்றால் போகலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே அந்த ஊர் மையத்தில் இடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அவர்கள் கேட்பது: சமீபத்திய ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை முடிவுகள், கடைசி மூன்று டயாலிசிஸ் தாள்களின் நகல், டிரை வெயிட், ஹெப்பாரின் அளவு, மாத்திரைச் சீட்டு. டயாலிசிஸுக்காகப் போகும் சிறுநீரக நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி.யில் 75 சதவீதம். மருத்துவமனை கொடுக்கும் படிவத்தைக் கவுன்டரில் காட்டி எடுக்க வேண்டும்.

நீண்ட இடைவெளி நாட்களில் பயணத்தை வைக்காதீர்கள். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலை கிளம்பினால் உடம்பு லேசாக இருக்கும். பாஸ்பரஸ் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பந்தியில் உட்காருங்கள். சாம்பார், ரசம், வத்தக்குழம்பைத் தவிர்த்து, சோறு, ஒரு கரண்டி பொரியல், ஒரு வாய் பாயசம். திரும்பும்போது அந்த ஊர் மையத்தில் கொடுக்கும் தாளை மறக்காமல் வாங்கி, அடுத்த முறை உங்கள் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.